அடைத்துக் கட்டிய வாசல்

மழைக்காலம் முடிந்து பார்த்தபோது, மலைக்கோட்டையின் வடக்கு வாசலை ஒட்டிய சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. முன்பு யாரோ அவசரத்துக்கு சிமெண்ட் பூசிக் கல் இடுக்குகளை அடைத்துவிட்டிருந்தார்கள். உள்ளே இறங்கிய மழைநீர் வெளியே வர வழியில்லாமல் சுவரைப் பின்னாலிருந்து முட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு மழைக்குத் தாங்காது. கல்லைப் பிரித்து, அஸ்திவாரம் வரை தோண்டிப் பார்த்து, சுண்ணாம்புச் சாந்து வைத்துத் திரும்பக் கட்ட வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது.

அலுவலகத்தில் எல்லோரும் கோட்டைக் காப்பாளருக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவளும் சிரித்து வைத்தாள். உத்தரவில் 'அஸ்திவாரம் வரை' என்ற இடத்தில் மட்டும் அவள் கண் திரும்பத் திரும்பப் போய் நின்றது. அடுத்த நாள் இன்னொரு தாள் வந்தது. வேலைக்கு வரப்போகும் கொத்தனாரின் விவரம். அதைப் பார்த்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்தக் கொத்தனாரை ஊரில் தூக்குக்குண்டு என்று கூப்பிடுவார்கள். நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, சுவர் நேராக இருக்கிறதா என்று நாளுக்கு நாற்பது தடவை பார்ப்பார். அவர் வீட்டுக் கதவு நிலைகூட அவர் வைத்தது, மயிரிழை சாயாது என்பார்கள். ஆனால் அவருக்கு அதைவிடப் பழைய பெயர் ஒன்று உண்டு. அடிவாரத்தில் அவர் வீட்டுக்கு 'வாசல்காரர் வீடு' என்று பெயர். எப்போதோ அந்தக் குடும்பத்தில் யாரோ கோட்டை வாசலில் காவல் நின்றதால் வந்த பெயர். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்புவரை அது வெறும் பெயர்தான்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்புதான் அவள் இந்த வேலையில் சேர்ந்தாள். இருபத்தேழு வயது, துறுதுறுப்பு, எதையாவது செய்து காட்ட வேண்டும் என்ற வேகம். ஏழு மாத முற்றுகைக்குப் பிறகு கோட்டை விழுந்து எரிந்தது என்பது பழைய ஏடுகளில் இருக்கிறது. எப்படி விழுந்தது என்பது எதிலும் இல்லை. ஒருநாள் அடிவாரத் தேநீர்க் கடைக்காரர் கல்லாவில் சாய்ந்துகொண்டு, காவல்காரன் ஒருவன் பொன்னுக்கு ஆசைப்பட்டு வடக்கு வாசலைத் திறந்துவிட்டதாகக் கதை சொன்னார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை அங்கேயே செத்திருக்கும்.

அதை வைத்து அவள் ஒரு சின்னப் புத்தகம் எழுதினாள். அட்டையில் பொன் பையைப் பிடித்த கையும், பாதி திறந்த கதவும். படம் போட்டது அவள் கணவர். பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். வடக்கு வாசல் முன்னால் நின்ற அறிவிப்புப் பலகையையும் அவர்தான் எழுதினார்: 'இந்த வாசலைத்தான் வாயிற்காவலன் ஒருவன் பொன்னுக்கு ஆசைப்பட்டு எதிரிக்குத் திறந்துவிட்டான்.' புத்தகம் நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் இடத்தில் சூடாக விற்றது. அவளுக்குப் பதவி உயர்வும் வந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், முடிவு கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டுமே என்று ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'அவன் வழிவந்தவர்கள் இன்றும் இம்மலையின் அடிவாரத்தில் வாழ்கிறார்கள்.'

ஊர் முழுக்க வாசல்காரர் வீட்டைப் பார்த்து விரல் நீட்ட அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

பதினொரு வருடங்களுக்கு முன்பு, வடக்கு வாசலின் நடைபாதையில் தேங்கும் தண்ணீருக்குக் கால்வாய் வெட்ட, அவளே நின்று ஒரு குழி தோண்ட வைத்தாள். ஆளுயர ஆழத்தில் கடப்பாரை கல்லில் இடித்தது. வேலைக்காரர்களை அனுப்பிவிட்டுக் கொத்துக்கரண்டியோடு அவளே இறங்கினாள். வாசலின் முழு அகலத்துக்கும் நான்கு வரிசைக் கல், உள்பக்கமிருந்து நெருக்கி அடுக்கியிருந்தது. அதன் உள்முகத்தை ஒட்டி ஒரு சாண் கனத்துக்குக் கரிந்த மண். கோட்டை எரிந்ததற்கு முன்பே வாசலை அடைத்துக் கட்டிவிட்டார்கள். வென்றவர்கள் பின்னால் மேலே இருந்த கல்லைப் பிடுங்கிப்போட்டு, மிச்சத்தின் மேல் மண்ணைக் கொட்டித் தளத்தை உயர்த்தியிருக்கிறார்கள். முற்றுகையின்போது அந்த வாசலை யாரும் திறந்திருக்க முடியாது. திறக்க அங்கே வாசலே இல்லை.

அவளுக்கு அது புரிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குழிக்குள்ளேயே உட்கார்ந்து யோசித்தாள். கால்வாய்க்குத்தான் அனுமதி, ஆராய்ச்சிக்கு இல்லை. ஒரு குழியை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. அடுத்த வருடம் முறையாகத் தோண்டலாம். ஒவ்வொரு காரணமும் நியாயமாகத்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், தன் புத்தகம் பொய் என்று தானே எழுத வேண்டுமே என்ற பயம் இருந்தது. குழியை மூடச் சொன்னாள். கால்வாயை வேறு பக்கம் திருப்பினாள். அடுத்த வருடம் வரவே இல்லை.

அது முடிந்து இரண்டு வருடத்தில் கொத்தனார் ஒருநாள் அவள் அலுவலகத்துக்கு வந்தார். வெளி பெஞ்சில் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு உள்ளே வந்து, உட்காராமலே பேசினார். அவர் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளியிலிருந்து கோட்டைக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள். ஆசிரியை பலகையை உரக்கப் படிக்கச் சொல்ல, வகுப்பே படித்துவிட்டு இவர் மகளைத் திரும்பிப் பார்த்திருக்கிறது. அதிலிருந்து அவள் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் பெஞ்சில் டொக் டொக் என்று தட்டிக் கதவைத் திற என்கிறார்களாம்.

"பலகை இருந்துட்டுப் போகட்டும் மேடம். புத்தகத்துல அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துட முடியுமா?" என்று கேட்டார்.

அவள் மேசையில் இருந்த காகிதங்களை நேராக அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "வரலாற்றை நம்ம வசதிக்கு மாத்த முடியாதுங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

இப்போது அதே ஆள் கல்லுக்கெல்லாம் சாக்கட்டியால் எண் போட்டு, ஒவ்வொன்றாக இறக்கிப் புல்லில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தால் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மேடம்" என்பார். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருக்கலாம்.

"இரண்டடி தோண்டினாப் போதும்," என்றாள் மூன்றாம் நாள். "அதுக்குக் கீழ எல்லாம் உறுதியாத்தான் இருக்கும்."

"யாரு பாத்தது மேடம்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "கால் எங்க ஊணியிருக்குன்னு தெரியாம மேல எப்படிக் கல்லு ஏத்துறது? நாளைக்கு ஒரு கூட்டம் அடியில நிக்கும்போது சரிஞ்சா யாரு பதில் சொல்றது? நீங்க எழுதிக் குடுங்க, நான் ரெண்டடியோட நிறுத்திக்கிறேன்."

எழுதிக் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை. அவ்வளவு தூரத்துக்கு அவள் கெட்டுப்போயிருக்கவில்லை. "சரி, தோண்டுங்க," என்றாள்.

அடுத்த நான்கு நாளும், முதலிலேயே போய்ச் சொல்லிவிடலாமா என்று தோன்றும். மலைப்படியில் கால் வைத்ததும் அந்தத் தைரியம் கரைந்துவிடும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். கல் வெளியே வரட்டும். இப்போதுதான் கண்டுபிடித்ததாக அறிக்கை எழுதலாம். பலகையை மாற்றலாம், புத்தகத்தை நிறுத்தலாம். உண்மையும் வெளியே வந்துவிடும், தன் மேல் தூசியும் படாது. யோசிக்க யோசிக்க அவளுக்கே அது பெருந்தன்மையாகத் தெரிந்தது.

அதிலிருந்து ஐந்தாம் நாள் காலையில் ஆள் வந்து கூப்பிட்டான். வாசல் நடைபாதைவரை நீண்டிருந்த குழியின் விளிம்பில் கொத்தனார் நின்றார். அவர் ஆட்கள் மூன்று பேர் மண்வெட்டியோடு ஓரமாக நின்றார்கள். அவள் ஏணியில் இறங்கினாள். கற்களைப் பார்த்தாள். கரிந்த மண்ணைத் தொட்டாள். பிறகு வீட்டில் கண்ணாடி முன் ஒத்திகை பார்க்காத குறையாக வைத்திருந்த முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அடடா. இது என்னது? வாசலையே அடைச்சுக் கட்டியிருக்காங்களே. இப்படி ஒண்ணு இருக்கும்னு யாரு நினைச்சா?"

கொத்தனார் ஆட்களைப் பார்த்து, "போய் டீ குடிச்சிட்டு வாங்க," என்றார். அவர்கள் போனதும் ஏணியில் மெதுவாக இறங்கி, அவளுக்கு எதிரே கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"உள்ளே நின்னு கட்டினது இது," என்றார். "கல்லோட நல்ல முகம் எல்லாம் இந்தப் பக்கம் பாத்திருக்கு. அவசரத்துல அடுக்கியிருக்கான். ஆனா தெரிஞ்சவன் அடுக்கினது."

"ஆமா. ரொம்ப முக்கியமான விஷயம் இது. உங்க குடும்பத்துக்கும்..."

"மண்ணு பொலபொலன்னு வந்துச்சு மேடம்," என்று அவர் இடைமறித்தார். "முன்னூறு வருஷ மண்ணு கடப்பாரைக்கே மசியாது. இது ஒருதடவை தோண்டி மூடின மண்ணு. யாரோ புதையல் திருட வந்திருக்கான்னு நினைச்சேன். அப்புறம் இது கிடைச்சுது."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டையை எடுத்து நீட்டினார். தோண்டிய இடத்தை மூடும்போது, பின்னால் தோண்ட வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று அடியில் தேதி எழுதிப் போடுவது அகழாய்வுக்காரர்களின் வழக்கம். அன்றைக்கு உண்மையை மூடியவள், அந்த வழக்கத்தை மட்டும் மறக்காமல் செய்திருந்தாள். பதினொரு வருடத்துக்கு முந்தைய தேதி. கீழே அவள் கையெழுத்து, சுழித்த கோடு உட்பட.

"திருடன் பேரு எழுதி வச்சிட்டுப் போகமாட்டான்," என்றார் கொத்தனார்.

அவள் முகத்தில் அந்த ஆச்சரியம் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது போலவும், அதைத் துடைத்துப்போடத் தெரியாதது போலவும் இருந்தது.

"தேதியக் கணக்குப் பாத்தேன்," என்றார் அவர். "நான் உங்க ஆபீசுக்கு வந்தது இதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு."

"ஆமா."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, அட்டையை அவள் கையில் வைத்தார்.

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லப்போறதில்ல. என்ன எழுதணுமோ நீங்களே எழுதுங்க. எனக்குச் சுவர் வேலை கிடக்கு."

அன்று மத்தியானமே அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். கணவர் முற்றத்தில் ஒரு மருந்துக்கடைப் பலகைக்கு எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தூரிகையைக் கீழே வைக்காமலே கேட்டார். வண்ணம் சொட்டித் தரையில் ஒரு வட்டம் ஆனது.

"அந்தப் பலகைய வெயில்ல மங்கிப்போச்சுன்னு நான் திரும்ப எழுதினது எத்தனை தடவை?" என்று கேட்டார்.

"மொத்தம் அஞ்சு."

"உனக்குத் தெரிஞ்சதுக்கப்புறம்?"

"மூணு."

"மூணு தடவை. என் கையால." அவர் தூரிகையை மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவினார். சாதாரணமாகக் கழுவுவதைவிட நெடுநேரம் கழுவினார். "ஒவ்வொரு தடவையும் எழுத்து அழகா வந்திருக்குன்னு சொன்னியே," என்றார்.

அவள் அறிக்கையை அந்த வாரமே எழுதினாள். எந்த வருடம் பார்த்தாள், ஏன் மூடினாள், யார் வந்து கேட்டபோது என்ன பதில் சொன்னாள் என்பது வரை எழுதினாள். படித்துவிட்டு மேலதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நல்ல கண்டுபிடிப்பு. ஆனா ரெண்டாம் பக்கம் எதுக்கு? இப்பத்தான் கிடைச்சுதுன்னு எழுதுங்க. துறைக்கும் பேரு, உங்களுக்கும் பேரு. நீங்களே போய்த் தலையைக் குடுக்கணுமா?"

ஒரு வாரத்துக்கு முன்பு அவளே போட்ட திட்டம் அது. வேறொருவர் வாயிலிருந்து கேட்டபோது அதில் பெருந்தன்மை ஒரு துளியும் தெரியவில்லை.

"அந்தப் பக்கமும் இருக்கட்டும் சார்," என்றாள்.

விசாரணை வந்தது. புத்தகத்தைத் திரும்பப் பெற்றார்கள். அவளைக் கோட்டையிலிருந்து எடுத்து, தலைமை அலுவலகத்தின் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. கிளம்புவதற்கு முந்தைய நாள் கொத்தனாரிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். சுவர் இடுப்பளவுக்கு எழும்பியிருந்தது. இடையிடையே தண்ணீர் வெளியேற ஓட்டை விட்டு, நூலைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்," என்றாள்.

"என்கிட்ட கேட்டு என்ன பண்றது?" என்றார் அவர், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் வளந்த ஆளு, தாங்கிக்கிட்டேன். என் பொண்ணு பள்ளிக்கூடம் முடிச்ச கையோட ஊரை விட்டே போயிட்டா. இந்த மலை தெரியுற பக்கமே வரமாட்டா. நான் போன் பண்ணிச் சொன்னேன். அப்பா ஆறுதலுக்குச் சொல்றாருன்னு நினைக்கிறா. நீங்க போய்ச் சொல்லுங்க. எழுதினவங்க சொன்னா நம்புவா."

மகள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் விலாசம் தந்தார்.

பேருந்தில் மூன்று மணி நேரம். இன்னாரின் மகள் என்று கேட்காதீர்கள், அங்கே வேறு பெயர் கொடுத்திருக்கிறாள் என்று கொத்தனார் சொல்லி அனுப்பியிருந்தார். கடையில் வரிசையாகச் சட்டங்கள் அடுக்கிய சுவருக்கு முன்னால், இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி மூக்குக்கண்ணாடியின் காதுப் பிடியைச் சூடான காற்றில் காட்டி வளைத்துக்கொண்டிருந்தாள். நேராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது, அப்பாவின் ஜாடை அப்படியே இருந்தது.

காப்பாளர் தான் யார் என்று சொன்னாள். அந்தப் பெண்ணின் கை நின்றது. பிறகு திரும்பவும் வளைக்க ஆரம்பித்தது.

"சொல்லுங்க. கேட்டுக்கிட்டே வேலை பாக்குறேன். ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காரு."

அவள் நின்றபடியே சொன்னாள். குழி, கல், கரிந்த மண், அட்டை, பெஞ்சில் காத்திருந்த அப்பா, அவரிடம் சொன்ன பதில். எதையும் மெழுகவில்லை.

"அப்ப யாரு திறந்தாங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"யாரும் திறக்கலம்மா."

"கோட்டை எப்படித்தான் விழுந்துச்சு?"

"தண்ணி தீர்ந்திருக்கலாம். நோய் வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது."

அவள் கண்ணாடியைத் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினாள். "தெரியாதுன்னு அப்பவே எழுதியிருக்கலாமே," என்றாள். குரல் உயரவில்லை. "ஒரு வார்த்தைதானே."

காப்பாளர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் சின்ன வயசுல அப்பாகிட்டக் கேட்டிருக்கேன்," என்றாள் அந்தப் பெண். "நம்ம தாத்தாவோட தாத்தா அப்படிப் பண்ணினாரான்னு. தெரியல பாப்பான்னு சொன்னாரு. இல்லைன்னு அடிச்சுச் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். அவருக்கே சந்தேகம் இருந்துச்சு. அதை விதைச்சது நீங்க. எனக்கு இந்தப் பேரக் குடுத்த குடும்பத்து மேலயே எனக்குக் கோவம். அதை எல்லாம் இப்ப எங்க போய் மாத்துறது?"

"மாத்த முடியாது."

"ம்." வாடிக்கையாளர் எழுந்து வந்தார். அந்தப் பெண் அவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று கேட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியை முன்னால் பிடித்துக் காட்டினாள். அவர் போன பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "பஸ் நாலு மணிக்கு. அதை விட்டா ஆறுக்குத்தான்," என்றாள். நேரமாகிறதே என்ற அக்கறையா, போய்விடுங்கள் என்பதா என்று காப்பாளருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நாலு மணிப் பேருந்தில் ஏறினாள்.

புதிய பலகைக்கான வாசகத்தை அவளுக்குப் பின் வந்த காப்பாளர் அவளிடமே கேட்டு வாங்கினார். இரண்டே வரி. 'முற்றுகையின்போது இந்த வாசல் உள்ளிருந்து கல்லால் அடைக்கப்பட்டிருந்தது. கோட்டை எப்படி வீழ்ந்தது என்பது தெரியவில்லை.' கணவர் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, எழுதிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து, விடுமுறை நாள் ஒன்றில், அவள் நுழைவுச்சீட்டு வாங்கி மற்றவர்களைப் போல மலை ஏறினாள். வடக்கு வாசல் சுவர் சுண்ணாம்பு வெளுப்பில் நிமிர்ந்து நின்றது. அதன் முன்னால் முப்பது பேருக்கு வழிகாட்டி ஒருவர் கையை ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பதினைந்து வருடமாகச் சொல்லிப் பழகிய கதை. புதுப் பலகை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"...பொன் மூட்டையப் பாத்தான், சாவியை எடுத்தான்..."

"அப்படி நடக்கலைங்க," என்றாள் அவள்.

முப்பது தலையும் திரும்பின. வழிகாட்டிக்கு அவளை அடையாளம் தெரிந்தது. "மேடம், நீங்க எழுதினதுதானே..."

"நான் எழுதினதுதான். அது பொய். தெரிஞ்சே பதினொரு வருஷம் மறைச்சேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஓர் ஆள் எரிச்சலாக, "அப்ப என்னதான் நடந்துச்சு?" என்றார். அவள் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். பாதிப் பேர் கேட்கவில்லை. அடுத்த கொத்தளத்தைப் பார்க்க நகர்ந்துவிட்டார்கள். வழிகாட்டி அவளைத் தனியே இழுத்து, "தெரியாதுன்னு சொன்னா யாரு மேடம் மலை ஏறுவாங்க? எங்க பொழப்பைப் பாருங்க," என்று கெஞ்சினார்.

அந்த ஆளையும் ஒரு பொய்யை நம்பிப் பிழைக்க வைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த விடுமுறைக்கும் அவள் போனாள். அதற்கடுத்த விடுமுறைக்கும் போனாள். வழிகாட்டி அவளைத் தூரத்தில் பார்த்தாலே கதையை நிறுத்திவிட்டு, சுவரைக் கட்டிய விதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அவள் போகாத நாட்களில் என்ன சொல்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது.